எண்ணாயிரத்து நெல்லும் பொன்னும்: செஞ்சி வட்டாரத்தில் கற்கும் ஊக்கத்தின் வரலாறு

செஞ்சியைப் பற்றி எழுதப்பட்ட வரலாறுகளில் பெரும்பாலானவை இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும், அவற்றை வளைத்து நிற்கும் மதில்களையும், அவற்றுக்காக நடந்த முற்றுகைகளையுமே பொருளாகக் கொண்டவை; 2025 சூலையில் மராத்தியர் படையரண்கள் என்னும் தொகுப்பின் கீழ் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 கோட்டைகளுள் தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி மட்டுமே இடம்பெற்றதால், இந்தப் போக்கு இனி இன்னும் வலுப்பெறவே வாய்ப்புண்டு. ஆனால் கோட்டை இன்றைய வடிவம் பெறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த வட்டாரம் உயர்கல்விக்கு இடமாக இருந்தது என்பதற்குக் கல்லில் வெட்டிய சான்று இருக்கிறது. செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட எண்ணாயிரம் என்னும் சிற்றூரின் பெருமாள் கோயிலில் உள்ள சோழர் காலக் கல்வெட்டு ஒன்று, 340 மாணவர்கள் எந்தெந்தப் பாடம் படித்தார்கள், எவ்வளவு நெல் பெற்றார்கள், அவர்களுக்குக் கற்பித்தவர்களுக்கு என்ன ஊதியம் என்பதையெல்லாம் கணக்காக வகுத்துச் சொல்கிறது. உயர்கல்வி பயிலும் மாணவரைக் கற்கத் தூண்டுவது எது, அந்தத் தூண்டுதல் அவர் கல்வியை எவ்வாறு மாற்றுகிறது என்று இன்று உலகெங்கும் கேட்கப்படும் கேள்விக்கு, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்த வட்டாரத்து ஊர்ச்சபை ஒன்று தன் நிலத்தையும் நெல்லையும் வைத்து ஒரு விடை எழுதிப் பார்த்தது என்று அந்தக் கல்வெட்டைக் கொள்ளலாம்.

அந்த விடையை மதிப்பிடுவதற்கு முன் இரண்டு சொற்களின் பொருளை வரையறுத்துக்கொள்வது நல்லது. கல்வியியலார் ஊக்கம் என்று சொல்வது ஒருவரைக் கற்றலை நோக்கிச் செலுத்தும் விசையை. அது பாடத்தின் மீதுள்ள விருப்பத்திலிருந்தே பிறந்தால் உள்ளார்ந்த ஊக்கம் என்றும், உதவித்தொகை, மதிப்பெண், பதவி, தண்டனை குறித்த அச்சம் போன்ற வெளிப்பொருளிலிருந்து பிறந்தால் புறத்தூண்டல் என்றும் பிரித்துப் பேசப்படுகிறது. ஈடுபாடு என்பது அந்த விசை செயலாக வெளிப்படும் நிலை. பிரெட்ரிக்ஸ், புளூமென்ஃபெல்ட், பாரிஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் மூவர் 2004இல் வெளியிட்ட கட்டுரை ஈடுபாட்டை மூன்று கூறுகளாகப் பிரித்தது: வகுப்புக்கு வருவதும் பணிகளைச் செய்வதும் நடத்தை சார்ந்த ஈடுபாடு, கல்வி நிலையத்தின் மீதும் ஆசிரியர் மீதும் கொள்ளும் பற்று உணர்வு சார்ந்த ஈடுபாடு, கடினமான பொருளைப் புரிந்துகொள்ளத் தானாகவே முயல்வது அறிவு சார்ந்த ஈடுபாடு. இந்த மூன்றும் எப்போதும் சேர்ந்தே வருவதில்லை என்பதையும், முதலாவதை வாங்கித் தருவது எளிது, மூன்றாவதை வாங்கித் தருவது அரிது என்பதையும் செஞ்சி வட்டாரத்தின் கல்வி வரலாறு தெளிவாகவே காட்டுகிறது.

எண்ணாயிரம் சோழர் காலத்தில் இராசராசச் சதுர்வேதிமங்கலம் என்னும் பெயர் பெற்ற பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்கு வரியின்றிக் கொடுக்கப்பட்டு அவர்களது மகாசபையால் ஆளப்பட்ட ஊர். அங்குள்ள அழகிய நரசிம்மப் பெருமாள் கோயில் அக்காலத்தில் இராசராச விண்ணகர் எனப்பட்டது. 1917ஆம் ஆண்டுக்குரிய கல்வெட்டுத் தொகுப்பில் 333ஆம் எண் பெற்றுள்ள சாசனம் முதலாம் இராசேந்திர சோழனின் காலத்தது. அந்த மகாசபை, மன்னனின் ஆணையை ஒட்டி, கோயில் வழிபாட்டுக்கும் அடியார்களுக்கு உணவிடுவதற்கும் கூடவே ஒரு கல்லூரிக்கும் செய்த ஏற்பாட்டை அது பதிவு செய்கிறது. கல்லூரியின் செலவுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலம் 45 வேலி. இன்றைய அளவில் ஏறத்தாழ 300 ஏக்கர்.

மாணவர்களில் 270 பேர் தொடக்க நிலையினர். அவர்களுள் இருக்கு வேதம் பயின்றோர் 75, யசுர் வேதம் பயின்றோர் 75, சாந்தோக சாமம், தலவகார சாமம், வாசசநேயம் ஆகிய ஒவ்வொன்றையும் பயின்றோர் 20, அதர்வ வேதம் பயின்றோர் 10, பௌதாயனரின் சடங்கு நூல்களைப் பயின்றோர் 10, ரூபாவதாரம் பயின்றோர் 40. இறுதியாகச் சொன்ன ரூபாவதாரம் பாணினியின் இலக்கணத்தைத் தொடக்க மாணவருக்காக எளிதாக்கித் தரும் நூல். அதை இயற்றிய தர்மகீர்த்தி பௌத்தர். வேதக் கல்லூரி ஒன்று பௌத்தர் எழுதிய பாடநூலைத் தயங்காமல் வைத்துக்கொண்டது என்பது, நல்ல பாடநூலின் மதிப்பை அந்தச் சபையார் அறிந்திருந்தனர் என்பதற்குப் போதுமான அடையாளம். எஞ்சிய 70 பேர் மேல்நிலை மாணவர். வியாகரணம் எனும் இலக்கணத்தில் 25 பேர், பிரபாகரர் மரபைச் சார்ந்த மீமாஞ்சையில் 35 பேர், வேதாந்தத்தில் 10 பேர் எனப் பிரிந்திருந்தனர். மீமாஞ்சை என்பது வேத வாக்கியங்களுக்குப் பொருள் காணும் முறையை ஆராயும் துறை. இவர்கள் அனைவருக்கும் ஆசிரியர்கள் 14 பேர்.

கொடை எவ்வாறு பகிரப்பட்டது என்பதில்தான் சாசனத்தின் நுட்பம் இருக்கிறது. தொடக்க மாணவர் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 6 நாழி நெல். மேல்நிலை மாணவருக்கு 1 குறுணி 2 நாழி. ஒரு குறுணிக்கு எட்டு நாழி என்னும் கணக்கில் இது 10 நாழியாகும். அதாவது தொடக்க நிலையைக் கடந்து மேலே சென்ற மாணவனின் பங்கு மூன்றில் இரண்டு மடங்கு அளவு கூடியது. இதற்கு மேல் பொன்னும் உண்டு. மேல்நிலை மாணவர் ஒவ்வொருவருக்கும் அரைக் கழஞ்சு. ஆகவே எழுபது பேருக்கு 35 கழஞ்சு. இலக்கண ஆசிரியருக்கும் மீமாஞ்சை ஆசிரியருக்கும் நாள்நெல்லோடு, கற்பித்து முடிக்கும் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஒரு கழஞ்சு. பாணினியின் நூல் எட்டு அத்தியாயம், சைமினியின் மீமாஞ்சைச் சூத்திரம் பன்னிரண்டு அத்தியாயம் என்பதால், அவர்களுக்கு முறையே 8 கழஞ்சும் 12 கழஞ்சும் சேர்ந்தன. ஆசிரியருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று மட்டும் வைத்திருந்தால் பாடம் பாதியில் நின்றாலும் ஊதியம் போய்ச் சேர்ந்திருக்கும். அத்தியாயத்துக்கு இவ்வளவு என்று வகுத்ததால் நூலை முடிப்பதில் ஆசிரியருக்கும் ஓர் அக்கறை உண்டாயிற்று. மாணவரின் ஈடுபாட்டுக்கு ஆசிரியரின் ஈடுபாடு முன்தேவை என்பதை அந்தச் சபையார் உணர்ந்திருந்ததாகவே இந்த ஏற்பாட்டைப் படிக்கத் தோன்றுகிறது.

ஆனால் வேதாந்த ஆசிரியருக்குப் பொன் குறிக்கப்படவில்லை. விடுதலை பற்றிய மெய்ப்பொருளைப் பொன்னுக்குக் கற்பிப்பது பாவம் என்னும் நம்பிக்கையே இதற்குக் காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுவர். காரணம் அதுவே ஆயின், இதன் பொருள் மிகப் பெரியது: எந்தக் கல்விக்குக் கூலி பொருந்தும், எந்தக் கல்வியைக் கூலி கெடுக்கும் என்னும் வேறுபாட்டை ஒரே சாசனத்துக்குள் வகுத்துக் காட்டிய சபை அது. உயிர் வாழ நெல் எல்லார்க்கும் வேண்டும். இலக்கணத்துக்கும் மீமாஞ்சைக்கும் பொன் தூண்டுகோலாகலாம். தன்னை அறியும் கல்விக்குப் பொன் தடையாகும் என்பது அந்த வகுப்பின் உள்ளுறை.

எண்ணாயிரம் தனித்து நின்ற ஒன்றன்று. அதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முன்பே, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், புதுச்சேரியை அடுத்த பாகூரின் வித்தியாத்தானத்துக்கு, அதாவது கல்வி நிலையத்துக்கு, மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் உள்ள திருபுவனையில், முதலாம் இராசாதிராசனின் காலத்தில், 1048இல், 260 மாணவர்களுக்கும் 12 ஆசிரியர்களுக்கும் 72 வேலி நிலம் விடப்பட்டது. திருபுவனைச் சாசனத்தில் நெல்லைவிடக் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு: அங்குக் கற்பவர்களும் கற்பிப்பவர்களும் ஊர் வாரியங்களில், அதாவது ஏரி, தோட்டம், பொன் முதலியவற்றை மேற்பார்க்கும் ஊர்க்குழுக்களில், பணியாற்றும் கடமையிலிருந்து விலக்கப்பட்டனர். கல்விக்குத் தேவை உணவு மட்டுமன்று, பிற பொறுப்புகளால் துண்டாடப்படாத பொழுதும் தேவை என்று கண்டவர்கள் அதை ஊர்ச் சட்டமாகவே ஆக்கினார்கள். காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் வீரராசேந்திரன் காலச் சாசனமோ, கல்லூரி மாணவர் படுக்கப் பாயும், இரவில் விளக்குக்கு எண்ணெயும், சனிக்கிழமை தோறும் தலைக்கு எண்ணெயும் கணக்கிட்டு வைத்தது. அதே வளாகத்தில் 15 படுக்கைகள் கொண்ட வீரசோழன் என்னும் மருத்துவமனையும் இருந்தது. பெற்றோரைப் பிரிந்து வந்த இளைஞன் ஓரிடத்தில் ஊன்றிக் கற்பதற்கு அந்த இடம் தன்னைப் பேணுகிறது என்னும் உணர்வு வேண்டும். இன்று அதை உணர்வு சார்ந்த ஈடுபாடு என்கிறார்கள், அன்று அதைச் சனிக்கிழமை எண்ணெயாக எழுதி வைத்தார்கள்.

இவ்வளவையும் போற்றிய பிறகு இரண்டு குறைகளை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தக் கல்லூரிகள் அனைத்தும் பிராமண ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே உரியவை. எண்ணாயிரத்தின் 45 வேலியை உழுத குடும்பங்களின் பிள்ளைகளுள் ஒருவருக்கும் அந்த 340 இடங்களில் இடம் கிடையாது; அவர்கள் விளைத்த நெல்லே மற்றவர்களின் கல்வி ஊக்கமாக மாறிற்று. இரண்டாவதாக, சாசனம் என்பது கொடையின் ஆவணம், கற்றலின் ஆவணமன்று. எத்தனை பேர் அமர்ந்தார்கள், எவ்வளவு உண்டார்கள் என்பதைக் கல் சொல்கிறது. அவர்களுள் எத்தனை பேர் பிரபாகரரின் கருத்தைத் தமதாக்கிக்கொண்டு மேலே சிந்தித்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. கொடையின் அளவைக் கண்டு கல்வியின் அளவை முடிவு செய்வது அன்றைக்கும் இன்றைக்கும் ஒருங்கே பொருந்தும் பிழை.

செஞ்சி வட்டாரத்தில் அரச கொடையைச் சாராமல் தழைத்த மற்றொரு கல்வி மரபும் உண்டு, அது சமணருடையது. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் ஒரே பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்ட இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்களும், 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்த சந்திரநந்தி ஆசிரியரைக் குறிக்கும் மிகப் பழைய கல்வெட்டும் இருக்கின்றன. செஞ்சிக்குக் கிழக்கே மேல்சித்தாமூரில் உள்ள சினகாஞ்சி மடம் இன்றும் தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம். ஏட்டுச் சுவடிகளைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்த இடம். சமணர்களிடையே சாத்திர தானம் என்பது உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றோடு எண்ணப்படும் நால்வகைத் தானங்களுள் ஒன்று. நூலைப் படியெடுத்துக் கற்பவர் கையில் கொடுப்பது புண்ணியம் என்னும் நம்பிக்கை, படிப்பவரையும் எழுதுபவரையும் ஒரே வினையில் பிணைத்தது. ஊதியம் எதுவும் இல்லாமல் ஒரு சிறு சமூகம் இலக்கணத்தையும் நிகண்டையும் காப்பியத்தையும் காத்தது இந்த வகை ஊக்கத்தால்தான். பிற்காலத்தில் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளெல்லாம் மனப்பாடம் செய்வித்த சூடாமணி நிகண்டு, சொற்பொருளைச் செய்யுளில் தொகுத்துத் தரும் அகராதி போன்ற நூல், மண்டல புருடர் என்னும் சமணர் இயற்றியதே.

விசயநகரப் பேரரசின் கீழ் எழுந்த செஞ்சி நாயக்கர் காலத்தில் கல்விக்கான புரவலர் கை ஊர்ச்சபையிலிருந்து அரசவைக்கு மாறியது. இரத்தினகேட சீனிவாச தீட்சிதர் என்னும் வடமொழிப் புலவர் சூரப்ப நாயக்கரின் ஆதரவில் பாவனாபுருசோத்தமம் என்னும் நாடகத்தை இயற்றியது இக்காலத்துச் செய்தி. அரசவை தனிப் புலவரைப் போற்றியது. முந்நூற்று நாற்பது மாணவரை ஒருங்கே அமர்த்தும் ஏற்பாட்டை அது செய்ததற்குச் சான்றில்லை. 1649இல் பீசாப்பூர்ப் படையும், 1677இல் சிவாசியும், 1690 முதல் 1698 வரை நீண்ட முற்றுகைக்குப் பின் முகலாயரும், 1750இல் பிரெஞ்சுக்காரரும், 1761இல் ஆங்கிலேயரும் கோட்டையைக் கைப்பற்றினர். இடையில் 1714இல் செஞ்சியை ஆண்ட தேசிங்கு போரில் மாண்டான். அவன் கதைப்பாடல் மட்டும் ஊர் ஊராகப் பாடப்பட்டு, எழுத்தறியாதவர் செவியிலும் வரலாற்றை நிறுத்தியது. நூறாண்டுக்கு மேல் படைகள் மாறி மாறித் தண்டிறங்கிய நாட்டில், நிலத்தின் விளைச்சலை நம்பிய பழைய அறக்கட்டளைகள் நிலைத்திருக்க வழியில்லை.

இதன் விளைவு 1823இல் எழுத்தில் வந்தது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 சூனில் மாவட்டந்தோறும் நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். கடலூரிலிருந்து தென்னார்க்காட்டு மாவட்ட ஆட்சியர் அனுப்பிய மறுமொழி, சட்டம், வானநூல் முதலிய உயர்துறைகளைக் கற்பிக்கும் பள்ளி எதுவும் மாவட்டத்தில் இல்லை என்றும், முந்தைய ஆட்சிகள் பள்ளிகளுக்கு எந்த மானியமும் அளித்ததில்லை என்றும், ஆசிரியர்களைப் பெற்றோரே தாங்குகின்றனர் என்றும் தெரிவித்தது. எண்ணாயிரம் அடங்கிய மாவட்டத்தைப் பற்றிய அறிக்கை இது. கோயில் சுவரில் எழுத்து இருந்தது. அதைப் படித்துச் சொல்ல அலுவலகத்தில் ஒருவரும் இல்லை. கல்வெட்டுகளைப் படியெடுக்கும் துறை தோன்றுவதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் இருந்தன என்பதால் ஆட்சியரைக் குறை சொல்வதற்கில்லை; ஆனால் ஒரு நாட்டின் கல்வி நினைவு எவ்வளவு முற்றாக அழியக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மாகாணம் முழுவதற்கும் மன்றோ 1826 மார்ச்சில் தொகுத்த கணக்கின்படி 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் பயின்றனர். அவர்களுள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே.

அந்தப் பள்ளிகள்தாம் திண்ணைப் பள்ளிகள். மணலில் விரலால் எழுதித் தொடங்கி, ஓலையும் எழுத்தாணியும் பிடித்து, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி, நிகண்டு என்று ஏறிச் செல்லும் இந்தக் கல்வியில் ஊக்கம் எவ்வாறு உண்டாக்கப்பட்டது என்பதற்கு, பெல்லாரி ஆட்சியர் கேம்பல் 1823இல் எழுதிய அறிக்கை விரிவான சான்று. காலையில் பள்ளிக்கு முதலில் வரும் மாணவனின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்படும், அது பெருமை. இரண்டாவதாக வருபவன் கையில் சுழி இடப்படும். அவனுக்குப் புகழும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்லிய ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதற்குப் பின் வருபவர்க்கு ஒவ்வொன்றாகக் கூடும். தமிழ்ப் பகுதியிலும் முதலில் வந்தவனுக்கு வேத்தான் என்னும் சிறப்புப் பெயர் வழங்கியது. இருட்டு விலகுமுன்பே பிள்ளைகளைத் திண்ணைக்கு ஓடிவரச் செய்ய இதைவிட வலிய புறத்தூண்டலைக் காண்பது கடினம். ஆயினும் அது நேரத்துக்கு வருவதைத்தான் பயிற்றியது. வந்தபின் படிப்பதன் பொருளை அறியும் ஆவலைப் பயிற்றவில்லை. மாணவர்கள் தாம் மனப்பாடம் செய்யும் செய்யுள்களின் பொருளை அறியாமலே ஒப்பிக்கின்றனர் என்று கேம்பலே அதே அறிக்கையில் வருந்தி எழுதினார். கோதண்டம் போன்ற தண்டனைகளோ, அதாவது பிள்ளையை உத்தரத்துக் கயிற்றில் தொங்கவிடும் கொடுமையோ, எந்தக் காலத்து வழக்கம் என்று சொல்லியும் மன்னிக்கத் தக்கதன்று.

திண்ணையின் மெய்யான வலிமை வேறோர் இடத்தில் இருந்தது. சட்டாம்பிள்ளை எனப்பட்ட மூத்த மாணவன் இளையவர்க்குப் பாடம் சொல்லிக்கொடுப்பான். பிறர்க்குச் சொல்லும்போதுதான் தான் கற்றது எவ்வளவு என்று அவனுக்கே தெரிய வரும். சென்னை எழும்பூரில் 1789இல் ஆண்பிள்ளைகளுக்கான அனாதை இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளிகளில் கண்ட மணல் எழுத்தையும், மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் அங்கு நடைமுறைப்படுத்தி, 1797இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். சென்னை முறை என்னும் பெயரிலேயே அது அந்நாட்டில் பரவிற்று. அம்முறை இங்கிலாந்தில் பின்பற்றப்படுவதற்குத் தகுதியானதே என்று கேம்பலும் ஒப்புக்கொண்டார்.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது ஊக்கத்தின் இயல்பு மறுபடியும் மாறியது. ஆங்கிலக் கல்வி பெற்றவர்க்கு அரசுப் பணியில் முன்னுரிமை என்று 1844இலேயே தலைமை ஆளுநர் ஹார்டிஞ்ச் அறிவித்திருந்தார். எனவே பல்கலைக்கழகத் தேர்வு பதவிக்கான வாயிலாயிற்று. அந்தப் பல்கலைக்கழகம் தொடக்கத்தில் எவர்க்கும் பாடம் நடத்தவில்லை; தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதே அதன் வேலை. கற்பது ஓரிடம், அளப்பது ஓரிடம் என்றான பின், அளவுகோலுக்கு ஏற்பவே கல்வி வளைந்தது. எண்ணாயிரத்தில் பொன் அத்தியாயத்தை முடித்ததற்குக் கிடைத்தது. இங்கோ பலன் தேர்வில் தேறியதற்கு மட்டுமே கிடைத்தது. இரண்டும் புறத்தூண்டலே என்றாலும், முன்னது நூலின் முழுமையை நோக்கிச் செலுத்தியது, பின்னது கேட்கப்படக்கூடிய வினாக்களை நோக்கிச் செலுத்தியது.

இந்தச் சூழலில் செஞ்சி வட்டாரத்துச் சமண மரபு ஒரு கல்லூரியோடு சந்தித்தது தமிழ்க் கல்வி வரலாற்றின் நற்பேறு. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த உ. வே. சாமிநாதையர், சேலம் இராமசாமி முதலியார் கேட்ட ஒரு கேள்வியால் சீவக சிந்தாமணியைப் படிக்கத் தொடங்கி, அதன் சமணக் கருத்துகள் விளங்காமல் அவ்வூர்ச் சமணர்களை நாடினார். அங்கு அவருக்கு உதவிய அறிஞர்களுள் ஒருவர் வீடூர் அப்பாசாமி நயினார். வீடூர் செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் கிழக்கே, செஞ்சியாற்றின் போக்கில் இருக்கும் ஊர். கும்பகோணத்துச் சமணர் ஒருவர் வீட்டில், பல மாதங்களாகப் படித்து வந்த சிந்தாமணியைப் படித்து முடித்ததை ஒரு விழாவாகக் கொண்டாடியதைக் கண்டு வியந்த செய்தியைச் சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். தேர்வு இல்லை, பட்டம் இல்லை, பதவி இல்லை. ஒரு காப்பியத்தை முழுதும் படித்து முடித்தது மட்டுமே தோரணம் கட்டுவதற்குப் போதுமான காரணமாக இருந்தது. நடத்தை, உணர்வு, அறிவு என்னும் மூவகை ஈடுபாடும் ஒருங்கே கூடிய நிலைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தமிழ்நாட்டு வரலாற்றில் அரிது. அந்த ஈடுபாடு கல்லூரி ஆசிரியர் ஒருவரைத் தொற்றியதன் பயனே 1887இல் அச்சான சீவக சிந்தாமணிப் பதிப்பு.

இருபதாம் நூற்றாண்டின் ஆய்வுகள் இந்த அனுபவங்களுக்குப் பெயர் சூட்டின. எட்வர்டு டெசி 1971இல் வெளியிட்ட சோதனையில், புதிர்களை விடுவிக்கப் பணம் பெற்ற கல்லூரி மாணவர்கள், பணம் நின்றபின் ஓய்வு நேரத்தில் அப்புதிர்களை நாடுவது குறைந்தது. டெசியும் அவருடைய கூட்டாளிகளும் 1999இல் 128 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, செயலுக்கு விலையாக முன்கூட்டியே சொல்லப்படும் பரிசு உள்ளார்ந்த ஊக்கத்தைக் குறைக்கிறது என்று முடிவு செய்தனர். இதை மறுத்து வாதிட்ட ஆய்வாளரும் உண்டு. சுவீடனின் மார்ட்டன், சால்யோ இருவரும் 1976இல், ஒரே கட்டுரையைப் படித்த பல்கலைக்கழக மாணவருள் சிலர் கட்டுரையாளர் சொல்லவந்ததைத் தேடிப் படிப்பதையும், சிலர் கேட்கப்படலாம் என்று நினைத்த செய்திகளை மட்டும் பொறுக்கிக்கொள்வதையும் கண்டு, முன்னதை ஆழ்கற்றல் என்றும் பின்னதை மேலோட்டக் கற்றல் என்றும் பிரித்தனர். ஆயினும் இந்த முடிவுகளைக் கொண்டு உதவித்தொகையே தீங்கு என்று வாதிடுவது பெரும் தவறு. புதிருக்குக் கொடுத்த பணமும் பசிக்குக் கொடுத்த நெல்லும் ஒன்றல்ல. முன்னது செயலின் விலை, பின்னது செயலுக்கான வாய்ப்பு. எண்ணாயிரத்துச் சபையார் நாழி நெல்லையும் கழஞ்சுப் பொன்னையும் தனித்தனியே எழுதியதில் இந்த வேறுபாடு அடங்கியிருக்கிறது.

இன்று செஞ்சிச் சுற்றூர்களிலிருந்து விழுப்புரம், திண்டிவனம், திருவண்ணாமலைக் கல்லூரிகளுக்குப் பேருந்தேறும் மாணவர் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்பவர்கள். எண்ணாயிரத்தின் 340 இடங்களில் தம் முன்னோருக்கு இடமில்லாதிருந்தவர்கள். அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5இலும், ஆண்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டு 9இலும் தொடங்கப்பட்டன. சோழர் காலக் கொடையின் நல்ல பகுதியை அதன் பிறப்பு வேலியை அகற்றி மீட்டெடுத்தவை என்று இவற்றைச் சொல்வது மிகையாகாது. இவை மாணவரை வகுப்பறைக்குள் கொண்டு வந்து சேர்க்கும், இடைநிற்காமல் காக்கும். அதற்கு அப்பால், படிப்பதன் பொருளைத் தேடும் ஈடுபாட்டை உண்டாக்குவது ஆசிரியரும் பாடத்திட்டமும் தேர்வு முறையும் செய்ய வேண்டிய வேலை. அந்த வேலையை உதவித்தொகையின் தலையில் கட்டிவிட்டு, வருகைப் பதிவேடு நிரம்பியதைக் கண்டு கல்வி நிறைந்ததாக எண்ணிக்கொள்வது, கேம்பல் கண்ட திண்ணையின் குறையையே இன்னொரு முறை செய்வதாகும்.

வழி இல்லாமலில்லை. சி. எஸ். சீனிவாசாச்சாரியார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்து எழுதி, 1943இல் அப்பல்கலைக்கழகமே வெளியிட்ட செஞ்சி வரலாறு, கல்லூரி தன் அண்டையூரை ஆய்வுப் பொருளாகக் கொண்டால் என்ன விளையும் என்பதற்குச் சான்றாக இருக்கிறது. விழுப்புரம் மாவட்டக் கல்லூரிகளின் வரலாற்று, தமிழ்த் துறைகள் தம் மாணவரை ஆண்டுக்கு ஒரு முறையேனும் எண்ணாயிரத்துக்கு அழைத்துச் சென்று, அந்தச் சாசனத்தைச் சுவரிலேயே எழுத்துக்கூட்டிப் படிக்கவும், படியெடுக்கவும், அதில் உள்ள நெல்லையும் பொன்னையும் தாமே கணக்கிடவும், யாருக்கு இடமிருந்தது, யாருக்கு இல்லை என்று விவாதிக்கவும் செய்ய வேண்டும். அந்தப் பணிக்கு மதிப்பெண்ணில் உரிய பங்கும் தர வேண்டும்.